டிரெட்மில்லில் ஓடவிட்டு ரத்தம் எடுத்தால் இதய அடைப்பு தெரிந்துவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அண்ணனுக்கு 51 வயது. ஆறு வாரமாக, வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ நெஞ்சில் ஓர் இறுக்கம் வருகிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார்கள். இதயத்துடிப்பு 136 ஆனபோதே கால் சோர்ந்து இறங்கிவிட்டார். ஈசிஜியில் சிறு மாற்றம் தெரிந்தது. அறிக்கையில் “உறுதியாகச் சொல்ல இயலவில்லை” என்று எழுதிவிட்டார்கள். “ஓடுவதற்கு முன் ஒரு முறை, ஓடி முடித்ததும் ஒரு முறை ட்ரோபோனின் (மாரடைப்பில் ரத்தத்தில் ஏறுகிற இதயத்தசைப் புரதம்) பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே இருந்திருக்காதே, ஏன் யாரும் அதைச் செய்வதில்லை?” என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இதயத்தசைக்கு ரத்தம் போதாமல் போனால் ரத்தத்தில் ஏதாவது தடயம் விழத்தானே வேண்டும், அதைப் பிடித்தால் போதாதா என்பதுதான் அது. நான் பல வருடங்களாக டிரெட்மில் அறையில் நோயாளிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற மருத்துவன். இதே கேள்வி எனக்கும் பயிற்சிக் காலத்தில் எழுந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாக: உங்கள் யோசனை நல்ல யோசனை. ஆராய்ச்சியாளர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓடிய பிறகு ரத்தத்தில் ஏறுகிற அளவை வைத்து ஒரு தனி மனிதருக்கு அடைப்பு உண்டா இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஓடுவதற்கு முன், சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற அளவில் கொஞ்சம் செய்தி இருக்கிறது. இது பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு.

டிரெட்மில் டெஸ்டிலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான இடங்களில் புரூஸ் முறைதான் நடக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதத்தையாவது தொட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. அண்ணனுக்கு அது 144 துடிப்பு. அவர் 136இல் நின்றுவிட்டார், அதாவது இதயத்துக்குப் போதுமான வேலை கொடுப்பதற்கு முன்பே சோதனை முடிந்துவிட்டது. ஈசிஜியில், ஒவ்வொரு துடிப்பின் உயர்ந்த முனைக்குப் பிறகு வருகிற எஸ்டி பகுதி என்ற கோடு 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கிடையாகவோ கீழ்நோக்கியோ இறங்கினால் ‘பாசிட்டிவ்’ என்கிறோம். அதற்குக் குறைவான மாற்றத்தோடு இலக்கையும் தொடாவிட்டால், “சொல்ல இயலவில்லை” என்று எழுதுவதுதான் நேர்மை. அந்த வரி மருத்துவரின் அலட்சியம் இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

முழுமையாக ஓடினாலும் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 147 ஆய்வுகளைச் சேர்த்து 1989இல் வந்த தொகுப்பில், அடைப்பு உள்ளவர்களில் சராசரியாக 68 சதவீதம் பேரைத்தான் இது பிடித்தது. அடைப்பு இல்லாதவர்களில் 77 சதவீதம் பேரைத்தான் சரியாக ‘இல்லை’ என்றது. இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நெஞ்சுவலியோடு வருகிற 100 பேரில் 20 பேருக்கு உண்மையில் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20இல் ஏறத்தாழ 14 பேருக்கு பாசிட்டிவ் வரும். மீதி 80 பேரில் 18 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக 32 பாசிட்டிவ்களில் பாதிக்கும் மேல் அடைப்பே இல்லாதவர்கள். இந்தக் கலங்கலைத் தெளியவைக்க ஒரு ரத்தப் பரிசோதனை கிடைக்காதா என்ற ஏக்கம் மருத்துவர்களுக்கும் உண்டு. அதனால்தான் இவ்வளவு ஆராய்ச்சி நடந்தது.

சரி, ட்ரோபோனினுக்கு வருவோம். இதயத்தசை சுருங்கி விரிவதைக் கட்டுப்படுத்துகிற புரதம் அது. இதயத்தில் இருக்கிற ட்ரோபோனின் ஐ, ட்ரோபோனின் டி இரண்டும் கை கால் தசைகளில் இருப்பவற்றிலிருந்து வேறுபட்டவை. அதனால்தான் மாரடைப்பைக் கண்டறிய இவை இத்தனை நம்பகமானவை. இவை பெரும்பாலும் தசை நாருக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கின்றன, ஒரு சிறு பங்குதான் செல்லுக்குள் கட்டில்லாமல் மிதக்கிறது. மாரடைப்பில் செல் செத்து உடைகிறது, உள்ளே இருப்பதெல்லாம் கொட்டுகிறது, அளவு மளமளவென்று ஏறுகிறது. அண்ணனுக்கு வருகிற மாதிரி வலியில் நடப்பது வேறு. கேட்பதைவிடக் கொஞ்சம் குறைவான ரத்தம் சில நிமிடங்கள் போகிறது, நின்றதும் சரியாகிவிடுகிறது. செல் பட்டினி கிடக்கிறது, சாகவில்லை. சாகாத செல்லிலிருந்து ட்ரோபோனின் கசியுமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கசியும் என்று நம்பக் காரணங்கள் உண்டு. அப்படிக் கசிந்தாலும் அளவு மிகச் சிறியது என்பதில் சண்டை இல்லை.

அந்தச் சிறிய அளவுதான் சிக்கலே. 2008இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு, அப்போது புதிதாக வந்திருந்த நுண்ணுணர்வு ட்ரோபோனின் டி பரிசோதனையைக் கொண்டு, உடற்பயிற்சியாலோ மருந்தாலோ இதயத்தில் தற்காலிகப் பற்றாக்குறை உண்டாக்கப்பட்டவர்களைப் பார்த்தது. அளவு மாறவே இல்லை என்று எழுதியது. அடுத்த வருடமே அமெரிக்காவில் பாஸ்டன் குழு 120 பேரிடம் அதைவிட நுண்ணிய ட்ரோபோனின் ஐ பரிசோதனையைச் செய்தது. ஓடுவதற்கு முன், முடித்த உடனே, பிறகு நான்கு மணி நேரம் வரை என்று பல முறை ரத்தம் எடுத்தார்கள். அணுக்கதிர்ப் படத்தில் (இதயத்தசைக்கு ரத்தம் போவதைக் காட்டும் ஸ்கேன்) ரத்தப் பற்றாக்குறை தெரிந்தவர்களுக்கு நான்காவது மணியில் அளவு ஏறியிருந்தது, பற்றாக்குறை கூடக்கூட ஏற்றமும் கூடியது. எல்லோருக்கும் பெரிய உற்சாகம். ஆனால் ஏறியது எவ்வளவு என்று பாருங்கள்: லிட்டருக்கு ஓரிரு நானோகிராம். பிறகு 2012இல் நார்வேயில் 198 பேரிடம் ட்ரோபோனின் டி பார்த்தார்கள். ஓடியபின் ஏறிய அளவு, பற்றாக்குறை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. இரு தரப்புக்கும் இடையில் வித்தியாசம் தெரிந்தது ஓடுவதற்கு முன் எடுத்த அளவில்தான்.

மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழுவாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஓரிரு நானோகிராம் வித்தியாசம் புள்ளிவிவரத்தில் தெரியலாம். உங்கள் அண்ணன் என்ற ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது உதவாது. ஏனென்றால், இவ்வளவு தாழ்ந்த அளவுகளில், நலமாக இருக்கிறவருக்கே சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஏறி இறங்கலாம். உடலின் இயல்பான அலைவு கொஞ்சம், கருவியின் அலைவு கொஞ்சம். 4 என்பது 5 ஆனால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. போதாததற்கு, ஒரு நிறுவனத்தின் ட்ரோபோனின் ஐ எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில் எடுத்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

நேரக் கணக்கும் இருக்கிறது, பலர் கவனிக்காத விஷயம் இது. “ஓடி முடித்ததும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எடுத்தால் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. உடற்பயிற்சிக்குப் பிறகு ட்ரோபோனின் உச்சிக்குப் போக மூன்று நான்கு மணி நேரம் ஆகும், மூன்று நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. கடுமையாக ஓடும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து தசைகளுக்குள் இறங்குகிறது, வியர்வையிலும் போகிறது. ரத்தம் சற்றே கெட்டியாகிவிடும். புதிதாக எதுவும் கசியாமலே பத்து சதவீதம் வரை எல்லாப் புரதங்களும் ‘ஏறியதாக’ எண் காட்டலாம். உடனே எடுத்த ரத்தத்தில் சின்ன ஏற்றத்தைப் பார்த்துச் சந்தோஷப்படவோ பயப்படவோ கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடைப்பே இல்லாத இதயமும் ஓடினால் ட்ரோபோனினை விடுகிறது. மராத்தான் ஓடி முடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, மாரடைப்பைச் சந்தேகிக்க வைக்கிற வரம்பை அது தாண்டுகிறது. ட்ரோபோனின் டிக்கு அந்த வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். ஓடியவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். என்னிடம் ஒருவர் வந்தார், உங்களைப் போலவே அக்கறையுள்ள குடும்பம். வெளியே ஓரிடத்தில் டிரெட்மில் முடித்து நான்கு மணி நேரம் கழித்து அவர்களாகவே ட்ரோபோனின் எடுத்திருக்கிறார்கள். வரம்புக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டது. இரவோடு இரவாக அவசரப் பிரிவு, மறுநாள் ஆஞ்சியோ. குழாய்கள் சுத்தமாக இருந்தன. அவருடைய சிறுநீரகம் பல வருடமாகவே பலவீனமாக இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே சற்று உயர்ந்துதான் நிற்கும். ஓடுவதற்கு முன் ஓர் அளவு எடுத்திருந்தால் அது தெரிந்திருக்கும். ஆஞ்சியோவுக்குப் போட்ட சாய மருந்து அந்தச் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. யாருடைய தப்பும் இல்லை. பொருள் சொல்லத் தெரியாத ஓர் எண்ணை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்காக உடற்பயிற்சிக்குப் பிந்தைய ஏற்றம் முழுக்க ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வருடாவருடம் நடக்கும் நீண்ட நடைப்பயணத்தில் 725 பேரை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு நாளில் 30 முதல் 55 கிலோமீட்டர் நடந்தபின் 9 சதவீதம் பேருக்கு ட்ரோபோனின் ஐ வரம்பைத் தாண்டியது. அடுத்த சில வருடங்களில் மரணமோ பெரிய இதயப் பாதிப்போ அவர்களுக்கு மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகமாக நேர்ந்தது. அவர்களில் பலர் வயதானவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆக, ஏற்றம் எதையோ சொல்கிறது. ஆனால் அது சொல்வது ‘இந்த இதயம் ஏதோ ஒரு விதத்தில் பலவீனமானது’ என்பதைத்தான். ‘இந்தக் குழாயில் இத்தனை சதவீத அடைப்பு’ என்று அது சொல்லவில்லை. உங்கள் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

ட்ரோபோனினை விட்டால் அதிகம் ஆராயப்பட்டது பிஎன்பி (பிரெய்ன் நேட்ரியூரெடிக் பெப்டைட்). 1988இல் ஜப்பானில் பன்றியின் மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது. உண்மையில் இதயத்தின் சுவர் இழுபடும்போது இதயமே சுரக்கிற ஹார்மோன் அது. ரத்தம் போதாத தசை சரியாகத் தளர்வதில்லை, அறைக்குள் அழுத்தம் கூடும், சுவர் இழுபடும், பிஎன்பி ஏறும் என்பது கணக்கு. செல் சாக வேண்டியதில்லை என்பதால், கோட்பாட்டளவில் இது ட்ரோபோனினைவிடப் பொருத்தமானது. வேகமும் உண்டு, ஓடி முடித்த சில நிமிடத்திலேயே மாற்றம் தெரியும். 2004இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் ரத்தப் பற்றாக்குறை உள்ளவர்களுக்கு ஏற்றம் கூடுதலாக இருந்தது. நானும் அப்போது நிறைய எதிர்பார்த்தேன். ஆனால் வயது, ரத்த அழுத்தம், உடல் எடை, சிறுநீரகம், தடித்த இதயச்சுவர், வால்வு கோளாறு எல்லாமே பிஎன்பியை மாற்றும். எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக ஓடினார் என்பதும் மாற்றும். இரண்டு குழுக்களின் எண்களை ஒரே தாளில் புள்ளிகளாக வைத்தால் பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழும். இங்கே வெட்டினால் அந்தப் பக்கம் நோய், இந்தப் பக்கம் நலம் என்று கோடு போட இடம் கிடைக்கவில்லை.

லாக்டேட் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை, ஏனென்றால் இதில் இருக்கிற உடலியல் அவ்வளவு அழகு. தசைகள் கடுமையாக உழைக்கும்போது உண்டாகிற பொருள் லாக்டேட். நலமான இதயம் அதை எரிபொருளாக எரிக்கும். இதயத்துக்குள் போகிற ரத்தத்தைவிட வெளியே வருகிற ரத்தத்தில் லாக்டேட் குறைவாக இருக்கும். ரத்தம் போதாவிட்டால் கதை தலைகீழாகும். இதயமே லாக்டேட்டைத் தயாரிக்கத் தொடங்கும். பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இதயச் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி இதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். ரத்தத் தடயம் உண்டு என்ற உங்கள் உள்ளுணர்வு சரிதான் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்தத் தடயம் இதயத்தின் வாசலில்தான் கிடைக்கிறது. கையில் ஊசி போட்டு எடுத்தால், ஓடிய கால்தசைகள் கொட்டுகிற லாக்டேட் வெள்ளத்தில் இதயத்தின் பங்கு கரைந்துபோகும். மயோகுளோபின், சிகே-எம்பி போன்ற தசைப் புரதங்களுக்கும் இதே கதிதான், கால்தசையிலும் அவை இருக்கின்றன. ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கோபால்ட் உலோகத்தைப் பிடிக்கும் திறன் குறைவதை அளக்கிற ஒரு சோதனையும் 2003 வாக்கில் பரபரப்பாக வந்தது. அதுவும் இதயத்துக்கே உரியதாக இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பரபரப்பு அடங்கிப்போனது.

இப்போது ஓடுவதற்கு முந்தைய அளவு. அறிகுறியோடு வருகிறவர்களில், சும்மா இருக்கும்போதே நுண்ணுணர்வு ட்ரோபோனின் வரம்புக்குள்ளேயே சற்று மேல்பக்கம் இருந்தால், அடைப்பும் பிற்கால ஆபத்தும் சற்று அதிகம். இது பல இடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது, நான் நம்புகிறேன். மிகத் தாழ்வாக இருந்தால் அடைப்பே இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுதான் சந்தேகத்துக்குரியது. 2018இல் அமெரிக்காவின் எமரி குழு, ஏற்கெனவே இதயக்குழாய் நோய் உள்ளவர்களிடம், ட்ரோபோனின் ஐ லிட்டருக்கு 2.5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை தூண்டப்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்று எழுதியது. 2020இல் சுவிட்சர்லாந்தின் பாசல் குழு, அறிகுறியோடு வந்த பெரிய எண்ணிக்கையினரிடம் அதே வரம்பை வைத்துச் சோதித்தது. தாழ்ந்த அளவு உள்ளவர்களிலும் பற்றாக்குறை உள்ளவர்கள் போதுமான அளவு இருந்தார்கள்; அதை நம்பி நோயை ஒதுக்கிவிட முடியாது என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அண்ணனுக்கு நாளைக்கு ட்ரோபோனின் 2 என்று வந்தாலும், மாடி ஏறினால் வருகிற அந்த இறுக்கத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனைக்கு இதில் வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது, வேறு விதமாக. ஹீமோகுளோபின் பார்த்தார்களா? ரத்தசோகை இருந்தால் சிறிய அடைப்பே பெரிய வலியாகக் காட்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அப்படித்தான். சர்க்கரையின் மூன்று மாத சராசரி, கொழுப்பின் அளவுகள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், இவையெல்லாம் வேண்டும். சிகிச்சையை முடிவு செய்வதும், அடுத்த படம் எதை எடுக்கலாம் என்பதும் இவற்றைப் பொறுத்தது. பெயர் கவர்ச்சியாக இல்லாததால் இவற்றை யாரும் கேட்பதில்லை. ஆனால் அண்ணனுக்கு அதிகம் பயன்படப்போவது இவைதான்.

அடுத்து என்ன என்று நேரடியாக நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். நான் அவரைப் பார்க்கவில்லை, ஈசிஜி தாளையும் பார்க்கவில்லை. அதனால் இதை அவருடைய மருத்துவரிடம் பேசுவதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கிற வலி, அதாவது நெஞ்சில் இறுக்கம், உழைத்தால் வருவது, ஓய்வில் போவது, மூன்றும் சேர்ந்தால் பாடப்புத்தகத்தில் இருக்கிற இதயவலி. 51 வயது ஆணுக்கு அப்படி இருக்கும்போது, அரைகுறையாக முடிந்த டிரெட்மில்லை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடுகிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010லேயே, இதயக்குழாய் நோய் இருப்பது முன்பே தெரியாதவர்களுக்கு அதைக் கண்டறிய டிரெட்மில் ஈசிஜியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்றைய வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன. ஒன்று, சிடி ஆஞ்சியோ. குழாயின் உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பது. மற்றொன்று, இதயத்துக்கு வேலை கொடுத்துக்கொண்டே எக்கோ, அணுக்கதிர் அல்லது எம்ஆர்ஐ படம் எடுப்பது. எந்தப் பகுதிக்கு ரத்தம் போதவில்லை என்று தெரியும். கால் சோர்ந்து நிறுத்துகிறவர்களுக்கு மருந்து கொடுத்தே இந்த இரண்டாவது வகையைச் செய்யலாம், ஓடவே வேண்டாம். இரண்டில் எது என்பது அவருடைய சிறுநீரகம், இதயத்துடிப்பின் சீர், உங்கள் பக்கம் எந்த வசதி நன்றாக இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டிரெட்மில்லின் முழுத் தாள்களையும் கொண்டுபோங்கள். கடைசிப் பக்கச் சுருக்கம் மட்டும் போதாது. எத்தனை நிமிடம் ஓடினார், ஓடும்போது அந்த இறுக்கம் வந்ததா, ரத்த அழுத்தம் ஏறியதா இறங்கியதா என்பவை ஈசிஜி மாற்றத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை. ஆறு நிமிடத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. இறுக்கம் இனிமேல் உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வந்தாலோ, பத்துப் பதினைந்து நிமிடமாகியும் விடாமல் நீடித்தாலோ, வியர்வையோ மூச்சிரைப்போ சேர்ந்தாலோ டிரெட்மில் பக்கமே போகக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கேதான் ட்ரோபோனினுக்கு உண்மையான வேலை. வந்ததும் ஒன்று, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இன்னொன்று எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஈசிஜியையும் சேர்த்து வைத்து மாரடைப்பா இல்லையா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். முதல் முறை சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினால், இரண்டாவது எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள்.